கொடுப்பது யாருடைய பணம்?

2022ஆம் ஆண்டு ஆடி மாதம், திருப்பனந்தாளில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மாதான் கிடந்தது. முகாமை நடத்தியது ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். வாசலில் கட்டியிருந்த பேனரில் 'சமூகத்திற்குத் திருப்பித் தருகிறோம்' என்று எழுதியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். நிறுவனத்தின் அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வந்தவர்களுக்கு பிரஷர் பார்த்தார்கள், விரலில் ஊசி குத்தி சுகர் பார்த்தார்கள், போகும்போது ஒரு துணிப்பை கொடுத்தார்கள்.

எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கடைத்தெருவைச் சுற்றியது, சன்னதித் தெருவைச் சுற்றியது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. அப்பா போனதும் தற்செயல்தான். கடைத்தெருவுக்கு எதையோ வாங்கப் போனவர் கூட்டத்தைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார். நர்சிங் படிக்கும் ஒரு பிள்ளை ஊசி குத்தி, சீட்டில் 218 என்று எழுதிக் கொடுத்தது. கீழே ரப்பர் ஸ்டாம்ப்: 'மருத்துவரை அணுகவும்.' எந்த மருத்துவரை, எங்கே, எப்போது என்று அதில் இல்லை. அப்பா அந்தச் சீட்டை நான்காக மடித்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தார். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. நடவும் அறுப்பும் வரப்பு வெட்டுமாக நாற்பது வருடம் ஓடிய உடம்பு. அறுவடை இயந்திரம் வந்த பிறகு பாதி நாள் நூறு நாள் வேலையில் நிற்கிறது. கை கால் ஓடும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. போனால் அன்றைய கூலி போய்விடும்.

துணிப்பைக்குள் ஒரு விளம்பரத் தாளும் இருந்தது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா அதை என்னிடம் எடுத்துக் கொடுத்தார். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா அம்மாவுக்குச் சேர்த்து பாலிசி எடுத்தேன். எல்லாம் தொலைபேசியில் முடிந்தது. "அப்பா அம்மாவுக்கு சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா சார்?" என்று முகவர் கேட்டார். "இல்லை" என்றேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தவறு, மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலத்தில் இருந்த படிவத்தை அவர்களே நிரப்பினார்கள், ஓடிபி வந்தது, சொன்னேன், பாலிசி வந்துவிட்டது.

2025 மார்ச்சில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2,85,000 ரூபாய். டாக்டர் கேட்டிருக்கிறார், "எத்தனை நாளா சுகர் இருக்கு பெரியவரே?" அப்பா நேர்மையாகச் சொல்லியிருக்கிறார், "மூணு வருசத்துக்கு முந்தி முகாம்ல பாத்தாங்க சார்." அவர் கேஸ் ஷீட்டில் 'மூன்று வருடமாகச் சர்க்கரை நோய்' என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியை வைத்து நிறுவனம் பணம் தர மறுத்தது. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்துவிட்டீர்களாம். நோயைக் கண்டுபிடித்துச் சொன்னதே உங்கள் முகாம்தானே என்று கேட்டேன். "முகாம் சி.எஸ்.ஆர். பிரிவு நடத்துறது சார். அது வேற, கிளைம் வேற" என்றார் எதிர்முனையில் இருந்தவர். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் அம்மாவின் தாலிச் செயின் அடகுக்கடைக்குப் போனது. மீதிக்கு மூணு வட்டி.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கு வேலை கிடைத்ததும் வருமானச் சான்றில் என் சம்பளமும் சேர்ந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் என்ற வரம்பைத் தாண்டிவிட்டோம். ஒரு தலைமுறையில் ஒருவன் ஒரு படி ஏறினால், கீழே இருந்த ஏணியை எடுத்துவிடுகிறார்கள்.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வேறு பெயரைப் போட்டாலும் இந்தக் கதை பெரிதாக மாறாது. என்னைக் குடைந்தது பேனரில் இருந்த சொல்தான். திருப்பித் தருகிறோம். எதை எடுத்தார்கள், எதைத் தருகிறார்கள், யாருக்குத் தருகிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி வணிகமோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். அந்தச் செலவு கம்பெனியின் வழக்கமான தொழிலாக இருக்கக் கூடாது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் மருத்துவம் உண்டு, கல்வி உண்டு, சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் உண்டு.

ஆக, முகாம் நடத்துவது பெருந்தன்மை அல்ல, சட்டக் கடமை. குத்துவிளக்கும் பொன்னாடையும் எதற்கு? வரி கட்டுகிறவருக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லையே.

இப்போது கணக்கு. லாபத்தில் 2 விழுக்காடு என்றால், சராசரியாக 500 கோடி லாபம் ஈட்டும் கம்பெனி 10 கோடி செலவிட்டால் போதும். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் வேலையே வேறு. சோப்பு விற்கும் கம்பெனி சோப்பைக் கொடுத்ததும் கணக்கு முடிந்தது. காப்பீட்டில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு வாக்குறுதியை மட்டும். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் ஒரே உண்டியலில் போடுகிறோம். அதில் நாற்பது பேர் படுக்கையில் விழும்போது அந்த உண்டியல் திறக்க வேண்டும். அவ்வளவுதான் காப்பீடு. உண்டியல் எவ்வளவு திறந்தது என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2023-24 ஆண்டறிக்கையின்படி, மருத்துவக் காப்பீட்டில் 100 ரூபாய் பிரீமியத்துக்குப் பொதுத்துறை நிறுவனங்களின் கிளைம் செலவு ஏறக்குறைய 103 ரூபாய். தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 89 ரூபாய். மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கும் தனி நிறுவனங்களுக்கு 65 ரூபாய். மீதி 35 ரூபாயில் முகவர் கமிஷன், நிர்வாகம், விளம்பரம், லாபம் எல்லாம் அடக்கம். அந்த லாபத்தில் 2 விழுக்காடுதான் நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வருகிறது.

அதே ஆண்டில் பாலிசி விதிகளைக் காட்டி நிறுவனங்கள் அனுமதிக்காமல் விட்ட கிளைம் தொகை சுமார் 15,100 கோடி ரூபாய் என்று அதே அறிக்கை சொல்கிறது. கேட்கப்பட்ட தொகையில் ஏறக்குறைய 13 விழுக்காடு. இதற்கு மேல் முற்றாக நிராகரித்தவை தனி. இதில் நியாயமான மறுப்புகளும் இருக்கும். போலி பில்லும் இருக்கும். எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைக்கு வராத பணத்தின் அளவையும் முகாமுக்கு வரும் பணத்தின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'திருப்பித் தருவது' எங்கே நடக்க வேண்டும் என்பது விளங்கும். காப்பீட்டு நிறுவனம் சமூகத்துக்குத் திருப்பித் தரும் இடம் கிளைம் மேசைதான், மருத்துவ முகாம் இல்லை.

இதற்குப் பொதுவெளியில் இருக்கும் ஓர் உதாரணம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த், 2006இல் தொடங்கப்பட்ட, இந்தியாவின் முதல் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். (எங்கள் கதையில் வரும் நிறுவனம் இது அல்ல.) 2021-22இல் அது ஆயிரம் கோடிக்கு மேல் நட்டம் காட்டியது. பெருங்காரணம் கொரோனா கிளைம்கள். 2023-24இல் 845 கோடி லாபம் காட்டியது. சி.எஸ்.ஆர். சூத்திரத்தின்படி பார்த்தால், நட்டம் வந்த ஆண்டு அதன் சமூகக் கடமையைக் குறைக்கிறது, லாபம் வந்த ஆண்டு கூட்டுகிறது. ஆனால் உண்மையில் மக்கள் மூச்சுக்குத் திணறியபோது பணம் மக்களிடம் போய்ச் சேர்ந்த ஆண்டு எது? நட்டம் வந்த அந்த ஆண்டுதான். அந்த ஆண்டு யாரும் பேனர் கட்டவில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஆண்டு சமூகப் பொறுப்புக் கணக்கில் பள்ளமாகத் தெரிகிறது என்றால், கோளாறு அந்தக் கணக்கில் இருக்கிறது.

அடுத்த கேள்வி, யாருக்கு?

'உள்ளூர்ச் சமூகம்' என்று எல்லா சி.எஸ்.ஆர். அறிக்கையிலும் எழுதுகிறார்கள். தமிழில் சமூகம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மேடையில் பேசும்போது எல்லா மனிதரும் சேர்ந்தது சமூகம். கல்யாணத் தரகர் "பையன் என்ன சமூகம்?" என்று கேட்டால் அது சாதி. எங்கள் பக்கம் கம்பெனிக்காரர்கள் முதல் பொருளை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பணம் இரண்டாம் பொருளுக்குப் போய்ச் சேர்கிறது. ஏனென்றால் வெளியிலிருந்து வருகிறவர் முதலில் பார்ப்பது ஊர் முக்கியஸ்தரை. அவர் கைகாட்டும் மண்டபத்தில் முகாம். அவர் சொல்லும் தெருவில் ஆட்டோ. அவர் பக்கத்தில் நின்று போட்டோ. சேரியை யாரும் வேண்டுமென்று விலக்கியதாகச் சொல்ல முடியாது. யாருக்கும் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். டெல்டாவில் ஊர் வேறு, சேரி வேறு என்பது நில அமைப்பு. அதை அறியாமல் 'உள்ளூர்' என்று சொன்னால் ஊர் மட்டும்தான் வரும்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர். சேற்றுப்புண், பாம்புக்கடி, பூச்சிமருந்து அடித்து வரும் மயக்கம், குனிந்து நட்டு நட்டுத் தேயும் இடுப்பு, சொல்லாமல் மறைக்கும் அடியிறக்கம் என்று இந்த நெல் வயல் தரும் நோய்களில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதும் அவர்கள்தான். இவர்களில் எத்தனை பேர் இந்த முகாம்களுக்கு வந்தார்கள் என்று யாராவது எண்ணுகிறார்களா? பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகள் செபிக்குத் தரவேண்டிய பொறுப்பு அறிக்கையில், சி.எஸ்.ஆர். பயனாளிகளில் விளிம்புநிலையினர் எத்தனை விழுக்காடு என்று ஒரு கேள்வி உண்டு. ஆனால் அது விருப்பம் இருந்தால் பதில் சொல்லும் பகுதியில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தனியாகக் கேட்பதும் இல்லை. சாதியைக் கேட்காமல் இருப்பதே நாகரிகம் என்று நினைக்கிறார்கள். கேட்காவிட்டால் சாதி இல்லாமல் போய்விடாது. சாதி பார்த்து நடந்ததற்கு ஆதாரம்தான் இல்லாமல் போகும்.

டெல்டாவில் பிறந்தவனுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இங்கே தர்மத்துக்கு எப்போதும் குறைவில்லை. திருப்பனந்தாளில் காசி மடம் இருக்கிறது, அதன் கட்டளைகள் இருக்கின்றன, மடம் நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு, அதை மறுக்கவில்லை. இந்த வட்டாரம் முழுக்க மடங்களும் கோயில்களும் மிராசுதார்களும் அன்னதானம் போட்டார்கள், சத்திரம் கட்டினார்கள், கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். அந்த அரிசி எந்த வயலில் விளைந்தது, யார் நட்டது, நட்டவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதை மட்டும் எந்தக் கல்வெட்டும் சொல்லாது. எங்கள் ஊர்க் கோயிலில், மாலை சாத்த வந்த தாடகை என்ற பெண்ணின் ஆடை நெகிழ, அவள் சங்கடப்படக் கூடாது என்று சிவனே தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டதாகத் தலபுராணம் சொல்கிறது. கதையில் கடவுள் ஒரு பெண்ணுக்காகக் குனிகிறார். நிஜத்தில் கோயில் நிலங்களில் குனிந்து நட்ட பெண்கள் தமிழகத்தின் கோயில்களுக்குள் நிமிர்ந்து நுழைவதற்கு 1939இலும் 1947இலும் சட்டம் போட வேண்டியிருந்தது.

பண்ணையாள் நோயில் விழுந்தால் மிராசுதார் வீட்டிலிருந்து ஒரு படி அரிசி வரும். அதைப் பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் அதே பண்ணையாள் களத்தில் நின்று கூலியைக் கூட்டிக் கேட்டால் சாணிப்பாலும் சவுக்கடியும் கிடைத்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரும் தர்மம் கேட்ட கூட்டம் இல்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய் நின்ற குடும்பங்கள். தர்மம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். தர்மம் கொடுத்தால் கொடுப்பவனின் கை மேலே இருக்கும். கூலி என்றால் இரண்டு கையும் சமமாகிவிடும். நிலவுடைமைக்குப் பொறுக்காதது அந்தச் சமம்தான்.

முகாமும் கிளைமும் அதே தர்மமும் கூலியும்தான். முகாமில் நாம் வரிசையில் நின்று வாங்குகிறோம், நன்றி சொல்கிறோம். கிளைமில் நாம் நமக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்கிறோம். முதலாவதற்குப் புன்னகையோடு வருகிற நிறுவனம் இரண்டாவதற்கு ஏன் ஆவணம் மேல் ஆவணம் கேட்கிறது என்பது எங்கள் தாத்தாக்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார். அவர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1943இல், தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பணி பேராசிரியர் பி.பி.அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது. அதில் முதலாளி தர்மம் செய்வதில்லை. இன்றைய விகிதப்படி கூலியில் முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் கட்டியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்பதும் அங்கே இல்லை. மாத்திரையும் உண்டு, வேலைக்குப் போகாத நாட்களுக்கு உதவித்தொகையும் உண்டு. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். காப்பீட்டுத் தொழில் அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொரு குடிமகனும் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். சாதி ஒவ்வொருவரையும் தனித்தனிப் படியில் நிறுத்துகிறது. காப்பீடு எல்லோருடைய காசையும் ஒரே உண்டியலில் கலக்கிறது. அங்கே தீட்டு கிடையாது. அந்த உண்டியலின் சாவி லாபம் பார்ப்பவரிடம் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஆனால் இ.எஸ்.ஐ. ஆலைக்கும் கடைக்கும் வந்தது, வயலுக்கு வரவில்லை. அம்பேத்கரின் மக்களில் பெரும்பாலோர் வயலில்தான் இருந்தார்கள்.

அந்த இடைவெளியைத் தமிழ்நாடு ஓரளவு நிரப்பியது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அரசு பிரீமியம் கட்டியது, ஸ்டார் ஹெல்த் நடத்தியது, ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி, சென்னையில் தலைமையகம் உள்ள பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவிடம் கொடுத்தது. இன்று அந்த வரம்பு ஐந்து லட்சம். எங்கள் தெருவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு இன்றும் நடமாடும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்த அட்டையால்தான். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும் ஏற்பாடும் அதில் உண்டு. இதுதான் உண்மையான திருப்பித் தருதல். வரிப்பணம் சிகிச்சையாக மக்களிடமும், வருமானமாக அரசு மருத்துவமனையிடமும் திரும்புகிறது. குறை என்னவென்றால், அது பெரும்பாலும் படுக்கையில் விழுந்த பிறகுதான் வேலை செய்கிறது. அப்பாவுக்கு 218 இருந்த நாளில் அவருக்குத் தேவைப்பட்டது அறுவை சிகிச்சை இல்லை. மாதம் தவறாத மாத்திரை, கேட்பதற்கு ஒரு ஆள்.

"ஏதோ கொடுக்கிறார்கள், அதையும் குறை சொன்னால் எப்படி?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முகாம் இல்லாவிட்டால் அப்பாவுக்கு சுகர் இருப்பதே தெரிந்திருக்காது. நான் முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது முகாமே இல்லை என்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முகாமில் எழுதிய சீட்டின் ஒரு நகல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தால், அடுத்த மாதம் ஒரு அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார். ஒரு நகல் எடுக்க என்ன செலவு? அது போட்டோவில் விழாது, அதுதான் பிரச்சினை.

எங்கள் கிளைம் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன், உங்களில் பலருக்குப் பயன்படும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினேன். பதில் திருப்தியாக இல்லை. பிறகு சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டேன். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஐஆர்டிஏஐ விதிப்படி 'ஏற்கெனவே இருந்த நோய்' என்றால், பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்ததாகவோ, மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ தந்ததாகவோ இருக்க வேண்டும். எங்கள் சீட்டில் இருந்தது ஒரு மாணவி எழுதிய எண்ணும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும். மருத்துவர் கையெழுத்து இல்லை. அதைத்தான் வாதமாக வைத்தேன். முகாமை ஒப்புக்கு நடத்தியதே கடைசியில் எங்களுக்கு உதவியது! ஐந்து மாதம் கழித்துத் தொகையில் பெரும்பகுதி வந்தது. தாலிச் செயினை மீட்டோம். வட்டி போனது போனதுதான்.

அந்தப் பணம் வந்தபோது நான் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதவில்லை. யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. பாக்கி தீர்ந்தது, அவ்வளவுதான். சுயமரியாதையோடு வாங்கிய பணம் அது.

எனவே, நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் எந்த மாவட்டத்தில் எத்தனை கிளைம் வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்று தமிழில் வெளியிட வேண்டும். சி.எஸ்.ஆர். பயனாளிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்பதைச் சொல்வது கட்டாயமாக வேண்டும். முகாம் நடந்தால் சேரியில் தொடங்கட்டும். ஊர்க்காரர்கள் அங்கே வரட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. ஒவ்வொரு சீட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாக வேண்டும். பாலிசி படிவம் தமிழில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலைத் தொழிலாளிக்கு 1948இல் சட்டம் கொடுத்ததை விவசாயத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். மாத்திரைக்கும் கூலி இழப்புக்கும் சேர்த்து.

இதைப் படிக்கிற உங்களில் பலர் என்னைப் போல முதல் தலைமுறைச் சம்பளக்காரர்களாக இருப்பீர்கள். ஊரில் அப்பா அம்மா இருப்பார்கள். இன்றே கூப்பிட்டு, ரேஷன் கார்டு கவரில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்று கேளுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள், இருப்பதை இருக்கிறது என்று எழுதுங்கள். பாலிசியை விடாமல் கட்டிவாருங்கள். தொடர்ந்து 60 மாதம் முடிந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் அழாதீர்கள், மனு போடுங்கள். தெருவில் யாருக்காவது மறுத்திருந்தால் அவருக்கும் எழுதிக் கொடுங்கள். அதுவும் சங்க வேலைதான்.

இந்த வருடமும் கடைத்தெருவில் முகாம் பேனர் கட்டினார்கள். வேறு ஏதோ கம்பெனி. அப்பா போகவில்லை. மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. "ஏம்ப்பா போகல?" என்று கேட்டேன்.

"அவங்க பை குடுப்பாங்கடா தம்பி. நம்ம கிட்ட பை இருக்கு" என்றார்.